ஒரு சந்தின் அகலம்: ஜெனின், ஏப்ரல் 2002

இஸ்ரேல் ராணுவத்தின் மெர்காவா டாங்கி ஏறக்குறைய 3.7 மீட்டர் அகலம். ஜெனின் அகதி முகாமின் நடுவில் ஹவாஷின் என்றொரு பகுதி இருந்தது. அங்கே பல சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று மற்றவருக்கு வழிவிட வேண்டும். இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தில்தான் 2002 ஏப்ரல் 9 அன்று 13 இஸ்ரேலிய வீரர்கள் ஒரே காலையில் செத்துப்போனார்கள். அந்த வித்தியாசத்தையே இல்லாமல் ஆக்குவதற்காகத்தான் அடுத்த சில நாட்களில் அந்தக் குடியிருப்பு மண்ணோடு மண்ணாக்கப்பட்டது என்பது என் வாசிப்பு.

ஜெனின் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஐ.நா. பொதுச்செயலாளரின் அறிக்கை, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை, அம்னெஸ்டி அறிக்கை, வீரர்களின் பேட்டிகள், ஆவணப்படங்கள் என்று ஒரு சின்ன அலமாரியே நிரம்பும். பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகின்றன: நடந்தது படுகொலையா, இல்லையா? நானும் அந்தக் கேள்வியோடுதான் இவற்றுக்குள் போனேன். ஆனால் படிக்கப் படிக்க என் கண் சாலைகளின் பக்கமும் சுவர்களின் பக்கமும் போய்விட்டது. எண்ணிக்கை பற்றிய சண்டைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் முகாம். 1948-ல் ஹைஃபாவிலிருந்தும் கார்மல் மலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் துரத்தப்பட்டவர்கள் அங்கே குடியேறினார்கள். முதலில் இருந்த கூடார முகாமைப் பனிப்புயல் அழித்துவிட, 1953-ல் ஜெனின் நகரத்தை ஒட்டி இப்போதைய இடம் கொடுக்கப்பட்டது. அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லாத நிலம். கூடாரம் இருந்த இடத்தில் ஓர் அறை வந்தது. பிள்ளைகள் பெருகப் பெருகப் பக்கத்தில் ஓர் அறை, மகனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு மாடி. பக்கவாட்டில் நகர இடமில்லாமல் வீடுகள் மேலே வளர, நடுவிலிருந்த வழி சந்தாகிப்போனது. இதை யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. அரை நூற்றாண்டுக் காத்திருப்பு தானாகவே எடுத்த வடிவம் அது. 2002-ல் அந்த இடத்தில் ஏறக்குறைய 14,000 பேர் இருந்தார்கள்.

அந்த வருடம் மார்ச் மாதம் பயங்கரமானது. மார்ச் 27 இரவு, நெதன்யா நகரத்தின் பார்க் ஹோட்டலில் பாஸ்கா விருந்துக்குக் கூடியிருந்தவர்கள் நடுவே ஒரு தற்கொலைக் குண்டுதாரி வெடித்தான். 30 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். இரண்டு நாளில் இஸ்ரேல் 'ஆபரேஷன் டிஃபென்சிவ் ஷீல்ட்' என்ற பெயரில் மேற்குக்கரை நகரங்களுக்குள் இறங்கியது. நெதன்யா குண்டுதாரி ஜெனின்காரன் இல்லை, துல்கரேம்காரன். ஆனால் மார்ச் 31 அன்று ஹைஃபாவில் மட்சா என்ற உணவகத்தில் வெடித்தவன் ஜெனினிலிருந்து போனவன். அந்த உணவகத்தை நடத்தியதே இஸ்ரேலிய அரபுக் குடும்பம்தான். 28 தற்கொலைத் தாக்குதல்கள் ஜெனின் முகாமிலிருந்து புறப்பட்டவை என்பது இஸ்ரேல் சொன்ன கணக்கு. எண்ணை யார் எப்படி வாதிட்டாலும், முகாமில் ஆயுதக் குழுக்கள் வேரூன்றியிருந்ததை யாரும் மறுக்கவில்லை. ஃபதா, இஸ்லாமிக் ஜிஹாத், ஹமாஸ் மூன்றும் தங்கள் சண்டையை மறந்து அங்கே ஒன்றாக நின்றன. ஏறக்குறைய 200 ஆயுததாரிகள் இருந்தார்கள் என்கிறது ஐ.நா. அறிக்கை.

ஏப்ரல் 3 அதிகாலை ராணுவம் உள்ளே வந்தது. சாலைக்கு அடியில், வாசற்படியில், அலமாரிக் கதவில் என்று எங்கும் வெடிபொருட்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு வீடாகப் பிடித்து முன்னேறுவது நாள் முழுக்கச் சில மீட்டர் நகர்கிற வேலை. பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துவந்து அடுத்த வீட்டின் கதவைத் தட்டச் சொல்லும் வழக்கத்தையும் வீரர்கள் கையாண்டார்கள். வெடித்தால் முதலில் அவர். 2005-ல் இஸ்ரேலின் உச்சநீதிமன்றமே இந்த வழக்கத்துக்குத் தடை போட்டது. மேலே ஹெலிகாப்டர்கள் ஏவுகணைகளை வீசின. முகாமை விட்டு வெளியேறாமலோ வெளியேற முடியாமலோ இருந்த குடும்பங்கள் உள்ளறைகளில் தண்ணீரும் மின்சாரமும் இல்லாமல் ஒடுங்கிக் கிடந்தன.

இந்தப் படையில் பலர் ரிசர்வ் வீரர்கள். அதாவது வேலை, கடை, குழந்தை குட்டி என்று இருந்தவர்கள். அவசர அழைப்பில் சீருடை மாட்டிக்கொண்டு வந்தவர்கள். இஸ்ரேலிய வாதத்தில் இவர்களுக்கு ஒரு தனி இடம் உண்டு. விமானத்திலிருந்து குண்டுபோட்டு முகாமைத் தரைமட்டமாக்கியிருக்கலாம். பொதுமக்கள் சாகக்கூடாது என்றுதான் காலாட்படையை அனுப்பினோம், அதற்கு விலையாக எங்கள் பிள்ளைகளைக் கொடுத்தோம் என்பார்கள். இதை ஒரேயடியாகப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பெரிய குண்டுகளை வீசியிருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்பதைப் பிற்காலத்தில் காஸாவில் பார்த்துவிட்டோம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு எதுவரை நின்றது என்று பார்க்க வேண்டும். அது ஏப்ரல் 9 காலை வரை நின்றது.

அன்று செவ்வாய்க்கிழமை. யூத நாட்காட்டிப்படி நாஜிப் படுகொலையில் இறந்தவர்களின் நினைவுநாள். இஸ்ரேல் முழுவதும் சைரன் ஒலிக்க, சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கி மௌனமாக நிற்கிற நாள். பாலஸ்தீனர்களுக்கும் ஏப்ரல் 9 ஒரு நினைவுநாள்தான். 1948-ல் அதே தேதியில்தான் ஜெருசலேமுக்கு அருகில் தெய்ர் யாசின் கிராமத்தில் நூறு பேருக்கும் மேல் யூத ஆயுதக் குழுக்களால் கொல்லப்பட்டார்கள். இரண்டு துக்கங்களும் ஒரே தேதியில் விழுந்தது தற்செயல். இதை எந்த அறிக்கையும் சுட்டிக்காட்டிய ஞாபகம் எனக்கில்லை.

காலையில் ரிசர்வ் வீரர்களின் ஒரு அணி, புதிதாக ஒரு வீட்டைப் பிடித்து நிலைகொள்வதற்காக ஹவாஷின் சந்துகளில் நடந்தது. சந்து ஒரு சின்ன முற்றத்தில் போய்ச் சேர்ந்தது. நான்கு புறமும் வீடுகள், மேலே கொஞ்சம் வானம். கிணற்றுக்குள் இறங்கிய மாதிரி. வெடிகள் வெடித்தன. அதே நேரத்தில் ஜன்னல்களிலிருந்தும் மாடிகளிலிருந்தும் துப்பாக்கிகள் சுட ஆரம்பித்தன. விழுந்தவர்களைத் தூக்க வந்தவர்களும் அதே கிணற்றுக்குள்தான் இறங்க வேண்டியிருந்தது, அவர்களும் விழுந்தார்கள். டாங்கி அங்கே நுழைய முடியாது. ஹெலிகாப்டர் சுட்டால் கீழே கிடக்கிற சொந்த வீரர்கள் மேலேயே படும். ராணுவத்திடம் இருந்த அத்தனை பலமும் அந்தச் சந்தின் வாசலில் போய் நின்றுவிட்டது. சிலருடைய உடல்களைப் போராளிகள் இழுத்துப் போய்விட்டார்கள். கடற்படைக் கமாண்டோக்கள் வந்து அவற்றை மீட்க வேண்டியிருந்தது. 13 பேர். அந்த இன்டிஃபாடாவில் அதுவரை இஸ்ரேலிய ராணுவம் ஒரே மோதலில் இத்தனை பேரை இழந்ததில்லை.

பாலஸ்தீனத் தரப்பில் இது வீரகாவியமானது. அரஃபாத் 'ஜெனின்கிராட்' என்றார், ஸ்டாலின்கிராடை நினைவில் வைத்து. இஸ்ரேலிலோ நாடே அழுதது. காவியத்துக்கும் அழுகைக்கும் நடுவில் நடந்த முக்கியமான காரியம், ராணுவம் முறையை மாற்றியதுதான். ஐ.நா. அறிக்கை இதை வெளிப்படையாகவே சொல்கிறது: 13 பேர் இறந்த பிறகு வீடு வீடாகத் தேடுவதை விட்டுவிட்டு டாங்கி, ஏவுகணைத் தாக்குதலை விரிவாக்கினார்கள், புல்டோசர்களைக் கொண்டு முகாமின் பகுதிகளை இடித்தார்கள். சந்துக்குள் ராணுவம் போக முடியாதென்றால் சந்து இருக்கக்கூடாது. கணக்கு அவ்வளவுதான்.

புல்டோசர் என்றதும் நம்மூரில் ஆக்கிரமிப்பு இடிக்க வருகிற மஞ்சள் வண்டியை நினைக்கக்கூடாது. கேட்டர்பில்லர் டி9, கவசம் போர்த்தப்பட்டால் ஐம்பது டன்னுக்கும் மேல் எடை. துப்பாக்கிக் குண்டு அதை ஒன்றும் செய்யாது. கண்ணிவெடி மேல் ஏறினாலும் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். சண்டையின் தொடக்கத்திலேயே வழியிலுள்ள வெடிகளை அகற்ற இவை வந்திருந்தன. ஆனால் 9-ம் தேதிக்குப் பிறகுதான் வீடுகளே இலக்கு. ஒரு டி9 ஓட்டுநர், அவரும் ரிசர்வ் வீரர், மே மாத இறுதியில் 'யெதியோத் அஹரோனோத்' பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். 75 மணி நேரம் வண்டியை விட்டு இறங்கவே இல்லை, விஸ்கி குடித்துக்கொண்டே இடித்தேன் என்று அதில் சொல்கிறார். முகாமின் நடுவில் அவர்களுக்கு ஒரு கால்பந்து மைதானம் அமைத்துக் கொடுத்தேன் என்று பெருமைப்பட்டும் கொள்கிறார். இந்தப் பேட்டி எதிரிகள் எழுதியது இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விட்டோம் என்றது ராணுவம். பல இடங்களில் விட்டார்கள், பல இடங்களில் போதவில்லை. உடல் செயலிழந்து படுக்கையில் கிடந்த ஒருவரை வெளியே தூக்கிவர நேரம் கேட்டு அவருடைய குடும்பத்துப் பெண்கள் கெஞ்சியும் நிற்காமல் வீடு இடிக்கப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்திருக்கிறது. ஏப்ரல் 11 அன்று எஞ்சிய போராளிகள் சரணடைந்தார்கள். சண்டை முடிந்த பிறகும் இடிப்பு தொடர்ந்தது என்று அம்னெஸ்டி வான்வழிப் படங்களை வைத்துச் சொன்னது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்குப்படி குறைந்தது 140 கட்டடங்கள் முழுமையாகத் தரைமட்டம், 200 மோசமான சேதம், 4,000 பேருக்கு வீடில்லை. ஹவாஷின் என்ற பகுதி வரைபடத்தில் ஒரு வெற்றிடமாக ஆனது.

இப்போது எண்ணிக்கைச் சண்டை. ஏப்ரல் 15 வரை நிவாரணக்காரர்களையே உள்ளே விடவில்லை. அந்த இருட்டில் வதந்தி ஊதிப் பெருகியது. ஐநூறு பேர் செத்துவிட்டார்கள் என்று பாலஸ்தீனப் பேச்சாளர்கள் சொன்னார்கள், உலகப் பத்திரிகைகள் எழுதின. உண்மையில் கிடைத்த உடல்கள் 52. அவர்களில் குறைந்தது 22 பேர் பொதுமக்கள் என்றது ஹியூமன் ரைட்ஸ் வாட்ச். இஸ்ரேலிய வீரர்கள் 23 பேர். 'படுகொலை நடந்ததற்கு ஆதாரமில்லை' என்று எழுதிய அதே அமைப்பு, போர்க்குற்றங்கள் நடந்ததற்கு முகாந்திரம் இருக்கிறது என்றும் எழுதியது. முதல் வரியை ஒரு தரப்பு சட்டம் போட்டு மாட்டிக்கொண்டது, இரண்டாவதை இன்னொரு தரப்பு. உண்மை அறியும் குழு ஒன்றை மார்ட்டி அஹ்திசாரி தலைமையில் ஐ.நா. அமைத்தது, இஸ்ரேல் அடுக்கடுக்காக ஆட்சேபம் தெரிவிக்க, மே தொடக்கத்தில் அந்தக் குழு ஜெனினை எட்டிக்கூடப் பார்க்காமல் கலைக்கப்பட்டது. ஐநூறு என்ற பொய், பாலஸ்தீனர்களுக்குத்தான் பெரிய கெடுதல் செய்தது என்று நினைக்கிறேன். ஐநூறு இல்லை, ஐம்பதுதான் என்று தெரிந்ததும், என்னவோ ஒன்றுமே நடக்காத மாதிரி பேச்சு அடங்கிவிட்டது. 4,000 பேர் வீடிழந்தது யாருடைய தலைப்புச் செய்தியாகவும் நீடிக்கவில்லை.

சந்துகளை இடித்து எதிரியின் கையை ஒடிப்பது இஸ்ரேலியர்கள் கண்டுபிடித்தது இல்லை. அந்த நிலத்தில் அதை முதலில் செய்துகாட்டியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். 1936 அரபுக் கிளர்ச்சியின்போது யாஃபாவின் பழைய நகரம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. உள்ளே போனால் மாடியிலிருந்து சுடுவார்கள், துரத்தினால் சந்துகளில் மறைந்துவிடுவார்கள். ஜூன் மாதம் விமானத்திலிருந்து துண்டுப்பிரசுரம் போட்டார்கள். நகரத்தை மேம்படுத்தப் போகிறோம், காலி செய்யுங்கள் என்பது அதன் சாரம். பிறகு வெடிவைத்து, பழைய நகரத்தின் குறுக்கே நங்கூர வடிவத்தில் அகலமான பாதைகளை வெட்டினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அங்கிருந்த தலைமை நீதிபதி மைக்கேல் மெக்டொனல் ஒரு பிரிட்டிஷ்காரர்தான். ராணுவக் காரணத்துக்கு நகரமைப்பு என்று வேஷம் போட்டது நேர்மையில்லை என்று தீர்ப்பில் கண்டித்தார். அதன்பிறகு அவர் அந்தப் பதவியில் அதிக காலம் நீடிக்கவில்லை.

ஜெனினுக்கும் அந்தப் பாடம் நடந்தது. 1938 ஆகஸ்டில் அங்கே உதவி மாவட்ட ஆணையராக இருந்த மொஃபட் என்ற அதிகாரி தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டதாகச் சொல்லப்பட்டவனும் பிடிபட்டுச் சுடப்பட்டுச் செத்துவிட்டான். ஆள் தீர்ந்த பிறகும், ஊரின் பெரும்பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2002-ல் ஜெனின் நகரத்திலிருந்த வயதானவர்களில் சிலருக்காவது இது இரண்டாவது இடிபாடாக இருந்திருக்கும்.

இடித்ததைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். திரும்பக் கட்டியதில்தான் எனக்கு அதிக ஆர்வம். ஐக்கிய அரபு அமீரகத்தின் செம்பிறைச் சங்கம் பணம் கொடுக்க, பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பான அன்ரா முகாமைத் திரும்பக் கட்ட வந்தது. பொறியாளர்கள் வரைபடம் போட்டார்கள். பழைய சந்துகள் இருந்த இடத்தில் 4 முதல் 6 மீட்டர் வரை அகலமான சாலைகள். காரணங்கள் நியாயமானவைதான்: ஆம்புலன்ஸ் வர வேண்டும், தீயணைப்பு வண்டி வர வேண்டும், வெளிச்சமும் காற்றும் வேண்டும். எந்த நகரமைப்பு அதிகாரியும் இப்படித்தான் போடுவார்.

முகாம்வாசிகள் எதிர்த்தார்கள். ஒவ்வொரு வீட்டு மனையிலிருந்தும் ஒரு பட்டை நிலம் சாலைக்குப் போகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர்கள் நேரடியாகவே கேட்டார்கள்: ஆம்புலன்ஸ் வருகிற சாலையில் டாங்கி வராதா? கட்டுரையின் முதல் வரியில் சொன்ன 3.7 மீட்டரை 4 மீட்டரோடு வைத்துப் பாருங்கள். அதற்குப் பதிலாக வந்த வாதமும் விசித்திரமானது. எப்படியும் டாங்கி வரத்தான் போகிறது, சாலை அகலமாக இருந்தால் சுவரை இடிக்காமலாவது வந்து போகும் என்றது. கட்டடக்கலை ஆய்வாளர் எயால் வைஸ்மன் இந்த விவாதத்தை விரிவாக எழுதியிருக்கிறார். படிக்கும்போது எனக்கு ஒரு விஷயம்தான் உறுத்தியது. இரண்டு தரப்புமே சரியாகத்தான் பேசுகிறது. வீட்டை யார் கட்டினாலும், அதன் வரைபடத்தில் டாங்கிக்கு இடம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்ற நிலைமைதான் தப்பு. கடைசியில் சாலைகள் அகலமாயின. கான்கிரீட் வீடுகள், பூச்சு, வண்ணம் எல்லாம் வந்தன. பழைய முகாமைவிட வசதியானவை என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள். அதுவும் சிலருக்கு உறுத்தல்தான். முகாம் முகாமாக இருக்கும்வரைதான் ஹைஃபாவுக்குத் திரும்புகிற கோரிக்கைக்கு உயிர். நல்ல வீடு கிடைத்துவிட்டால் விருந்தாளி குடியானவனாகிவிடுவான்.

இந்தப் புனரமைப்புக்குப் பொறுப்பாக வந்தவர் இயன் ஹூக் என்ற பிரிட்டிஷ்காரர். 2002 நவம்பர் 22 அன்று முகாமிலிருந்த அன்ரா வளாகத்துக்குள் ஓர் இஸ்ரேலிய ஸ்னைப்பர் அவரைச் சுட்டுக் கொன்றார். கையிலிருந்த செல்போனைக் கையெறிகுண்டு என்று நினைத்துவிட்டதாக ராணுவம் சொன்னது. 2005-ல் இங்கிலாந்தில் நடந்த மரண விசாரணையில் ஜூரிகள் அதைச் சட்டவிரோதக் கொலை என்றார்கள்.

முகாமின் மனிதர்களை அறிக்கைகளில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அதற்கு ஜூலியானோ மெர்-காமிஸின் 'ஆர்னாவின் பிள்ளைகள்' படத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆர்னா அவருடைய அம்மா, யூதப் பெண். முதல் இன்டிஃபாடா காலத்தில் ஜெனின் முகாமுக்கு வந்து, ஸுபைதி குடும்பத்தின் வீட்டு மாடியில் குழந்தைகளுக்கு ஒரு நாடக அரங்கம் நடத்தினார். 1995-ல் புற்றுநோயில் இறந்தார். 2002 சண்டைக்குப் பிறகு மகன் கேமராவோடு திரும்பிப் போய்ப் பையன்களைத் தேடுகிறார். மேடையில் ராஜாவாகவும் மிருகமாகவும் துள்ளிக் குதித்தவர்களில் அஷ்ரஃப் அந்த ஏப்ரல் சண்டையில் செத்துவிட்டான். யூசுஃப் 2001 அக்டோபரில் ஹதேரா நகரத் தெருவில் துப்பாக்கியால் சுட்டு நான்கு பெண்களைக் கொன்று, தானும் செத்திருந்தான். படம் இரண்டையும் காட்டுகிறது, எதையும் மறைக்கவில்லை. அரங்கம் இருந்த வீடும் இல்லை. அந்த வீட்டுப் பையன் ஸகரியா ஸுபைதியின் அம்மா 2002 மார்ச்சில் ராணுவத்தின் குண்டுக்குப் பலியானார், அண்ணன் தம்பிகளில் ஒருவர் ஏப்ரல் சண்டையில். ஸகரியா அல்-அக்ஸா படைப்பிரிவின் தலைவரானார். 2006-ல் ஜூலியானோ அதே முகாமில் 'சுதந்திர அரங்கம்' தொடங்கினார். 2011 ஏப்ரல் 4 அன்று அதன் வாசலருகே முகமூடி அணிந்த ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான்.

இதற்கப்புறம் நடந்தவற்றை வேகமாகவே சொல்லிவிடலாம். 2022 மே 11 அன்று முகாமின் நுழைவாயில் பக்கம் அல் ஜஸீரா நிருபர் ஷிரீன் அபு அக்லே சுட்டுக் கொல்லப்பட்டார். 2023 ஜூலையில் இரண்டு நாள் தாக்குதல். 12 பாலஸ்தீனர்களும் ஒரு வீரரும் இறந்தார்கள். அப்போதும் டி9 வந்து புதிய அகலச் சாலைகளின் தாரை உழுது புரட்டிப்போட்டது, கீழே கண்ணிவெடி இருக்கிறது என்று.

2025 ஜனவரி 21 அன்று 'இரும்புச் சுவர்' என்ற பெயரில் அடுத்த நடவடிக்கை தொடங்கியது. இந்த முறை முகாமே காலி செய்யப்பட்டது. பிப்ரவரி 2 அன்று ஒரே நேரத்தில் இருபதுக்கும் அதிகமான கட்டடங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பிப்ரவரி 23 அன்று, ஏறக்குறைய இருபது வருடங்களுக்குப் பிறகு, இஸ்ரேலிய டாங்கிகள் ஜெனினுக்குள் வந்தன. அதைத் தொடர்ந்த மாதங்களில் ராணுவ புல்டோசர்கள், 2002-க்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகள் உட்பட, வரிசை வரிசையாக இடித்து முகாமின் குறுக்கே பாதைகள் வெட்டின. ராணுவம் சுதந்திரமாக நடமாடுவதற்கு அவை தேவை என்று காரணம் சொன்னார்கள். 4 முதல் 6 மீட்டர் போதவில்லை போலிருக்கிறது.